சுருள்பாசி வாங்கும் முன்



"சுருள்பாசி சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமாமே, இரத்தம் ஊறுமாமே?" என்று நம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்பைருலினா என்று கடைகளில் விற்கும் கரும்பச்சைத் தூள்தான் அது. விலை அதிகம். எண்ணிச் செலவு செய்கிற குடும்பங்களும் வாங்குவதால் சற்று விவரமாக எழுதுகிறேன்.

இது புதிய சரக்கல்ல. ஆப்பிரிக்காவில் சாடு ஏரியை ஒட்டிய கானெம் பகுதியின் முஸ்லிம் பெண்கள் தலைமுறைகளாக இதை வடித்து, மணலில் காயவைத்து, 'திஹே' என்ற பெயரில் குழம்பில் சேர்க்கிறார்கள். நம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனத்தின் பண்ணை இருக்கிறது. வைட்டமின் ஏ குறைவால் பிள்ளைகளின் கண்ணில் விழும் வெள்ளைப் புள்ளிகளுக்குச் சுருள்பாசி உதவுமா என்று சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம் முன்பு ஆராய்ந்தது.

அதற்குக் காரணம் இதிலுள்ள மஞ்சள் நிறமியான பீட்டா கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். முருங்கைக் கீரையிலும் அது தாராளமாக உண்டு. பல வீட்டுக் கொல்லையில் காசில்லாமல் கிடைக்கிறது! சுருள்பாசிக்கே உரிய சிறப்பு ஃபைகோசயனின் என்னும் நீல நிறமி. தூளைத் தண்ணீரில் ஊறவைத்தால் அந்த நீலம் இறங்குவதைப் பார்க்கலாம். உடலின் அழற்சியை அது தணிப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகளும் விலங்குச் சோதனைகளும் காட்டுகின்றன. மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். கொலஸ்ட்ராலும் இரத்த அழுத்தமும் ஓரளவு குறைந்ததாகச் சில சொல்கின்றன. இதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. நீல நிறமி சூடு தாங்காது; கொதிக்கிற கஞ்சியில் போடாமல் ஆறியபின் கலக்குங்கள். மோரிலும் கலக்கலாம்.

இரத்தசோகைக் கணக்கையும் பாருங்கள். 3 கிராம் தூளில் இரும்பு சுமார் 1 மில்லிகிராம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம். அதே 3 கிராமில் புரதம் 2 கிராம் அளவு. ஒரு முட்டையில் 6 கிராம். பி12 சத்துக்கும் இதை நம்ப வேண்டாம். இதிலிருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத வகை.

கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். கண்மாயில் படரும் பச்சைப் பாசியை இதுவென்று எண்ணி அள்ளிவிடாதீர்கள். அதில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கக்கூடும்.

பாசி ஹலால்தான். கேப்சூலின் கூடு மட்டும் பல சமயம் விலங்கு ஜெலட்டினில் செய்தது. அது எதிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் தூளாகவே வாங்குங்கள். உறையில் எழுதியிருப்பது புரியவில்லை என்றால் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.