ஒரு துளி எச்சில் சொல்லும் பூர்வீகக் கதை!

ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை வரும். எங்கு பார்த்தாலும் தேயிலை. தேயிலைக்கு நடுவே வரிசை வரிசையாக லைன் வீடுகள்.

அந்த வீடுகளில் ஒன்றின் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், "ஐயா, உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள்.

"எங்க பாட்டனை ஒரு மேஸ்திரி கூட்டிட்டு வந்தாருங்க. திருநெல்வேலிப் பக்கம்னு சொல்லுவாங்க. ஊர் பேர் தெரியாதுங்க!"

இப்படித்தான் பலரும் சொல்வார்கள். பக்கம் தெரியும். ஊர் தெரியாது.

சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு இந்த மலை முழுவதும் பெருங்காடு. 1890-களில் வெள்ளைக்காரர்கள் இங்கே தோட்டம் போடத் தொடங்கினார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. காட்டை வெட்ட ஆள் வேண்டும். மேஸ்திரிகள் சமவெளிக் கிராமங்களுக்குப் போனார்கள். பஞ்சத்தில் வாடிய குடும்பங்களுக்கு முன்பணம் கொடுத்தார்கள். மலைக்கு அழைத்து வந்தார்கள். குளிரிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர்!

இந்த மலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர் பி.எச்.டேனியல். தொழிற்சங்கம் அமைத்தவரும் அவரே. அந்த நாள் துயரத்தை அவர் 1969-ல் ஆங்கில நாவலாக எழுதினார். அதுதான் தமிழில் "எரியும் பனிக்காடு" என்று வந்தது. 2013-ல் வெளியான "பரதேசி" படத்துக்கும் அந்த நாவலே தூண்டுதல்.

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரும் உறவும் வாய்ச் சொல்லாகவே இருந்தன. பாட்டன் சொன்னதைத் தகப்பன் பாதி மறந்தான். தகப்பன் சொன்னதை மகன் கேட்கவே இல்லை!

இப்போது, "ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்புங்கள். உங்கள் பூர்வீகத்தைச் சொல்லுகிறோம்" என்று கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. இது நடக்கிற காரியமா?

உடம்புக்குள் ஒரு ஏடு

நம் உடம்பு கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மிக மெல்லிய நூல் ஒன்று சுருண்டு கிடக்கிறது. அதற்குப் பெயர் டி.என்.ஏ. அது ஒரு ஏடு மாதிரி. அதில் நாலே நாலு எழுத்துக்கள்தான். அந்த நாலும் மாறி மாறி 300 கோடி இடங்களில் எழுதப்பட்டிருக்கின்றன.

கறுப்பரோ, வெள்ளையரோ, எந்த இரண்டு பேரை எடுத்தாலும் 1000 எழுத்துக்களில் ஏறக்குறைய 999 ஒன்றாகவே இருக்கும். மிச்சம் இருக்கும் அந்த ஒன்றில்தான் வித்தியாசம். அதை வைத்துத்தான் உறவைக் கண்டுபிடிக்கிறார்கள். எச்சிலோடு வாயின் உள்தோல் அணுக்களும் வருவதால், ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த ஏட்டில் பாதி தாய் கொடுத்தது. பாதி தகப்பன் கொடுத்தது. ஆகவே, பெற்றோர் யார், பிள்ளை யார் என்று அடித்துச் சொல்லிவிடலாம்.

தாயையும் மகனையும் சேர்த்தது!

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரப் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரீஸ் என்ற விஞ்ஞானி, 1984-ல் டி.என்.ஏ.வை வைத்து ஆளை அடையாளம் காணும் வழியைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அதற்கு ஒரு வேலை வந்தது.

ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டைச் சேர்ந்த ஒரு குடும்பம் இங்கிலாந்தில் வசித்தது. அந்த வீட்டுப் பையன் கானாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். "இவன் அந்த அம்மாளின் மகன் அல்ல. அக்காள், தங்கை மகனாக இருக்கலாம்" என்றார்கள். நாட்டை விட்டு அனுப்பப் பார்த்தார்கள்.

ஜெப்ரீஸ் அந்தத் தாயின் ரத்தத்தை எடுத்தார். அவளுடைய மற்றப் பிள்ளைகளின் ரத்தத்தையும் எடுத்தார். ஒப்பிட்டார். அவன் அவள் பெற்ற பிள்ளைதான்! தாயிடம் மகன் சேர்ந்தான்.

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்தது. கேரளத்தில் தலைச்சேரி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. "இந்தக் குழந்தைக்கு நான் தகப்பன் அல்ல" என்று ஒருவர் மறுத்தார். ஐதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி லால்ஜி சிங் சோதித்துச் சாட்சி சொன்னார். 1991-ல் கேரள உயர் நீதிமன்றமும் அந்தச் சான்றை ஏற்றது.

தாய், தகப்பன், பிள்ளை என்றால் இவ்வளவு சுலபம். ஆனால், நூறு ஆண்டுக்கு முந்திய பாட்டனைத் தேடுவது வேறு கதை.

ஆயிரம் பேர்!

பெற்றோர் 2 பேர். தாத்தா, பாட்டிகள் 4 பேர். அவர்களுடைய பெற்றோர் 8 பேர். இப்படியே 10 தலைமுறை பின்னால் போனால் 1,024 பேர்! இத்தனை பேரும் நம் முன்னோர்களே. ஒவ்வொரு தலைமுறையிலும் ஏட்டில் பாதி கழிந்து போகிறது. ஆகவே பழைய முன்னோர் பலருடைய எழுத்தில் ஒன்று கூட நம்மிடம் இருக்காது.

இரண்டே இரண்டு சங்கதிகள் மட்டும் கலக்காமல் வருகின்றன. ஒன்று, 'ஒய்' என்ற துண்டு. அது தகப்பனிடம் இருந்து மகனுக்கு மட்டும் போகும். இன்னொன்று, தாயிடம் இருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். ஆனால் மகள் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்கு இறங்கும்.

கொங்கு நாட்டு மக்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. இங்கே கவுண்டர்கள் தங்களை "இன்ன கூட்டம்" என்று சொல்லிக் கொள்வார்கள். கூட்டம் தகப்பன் வழியாக வருவது. ஒரே கூட்டத்தார் பங்காளிகள். பெண் கொடுத்து, பெண் எடுக்க மாட்டார்கள். 'ஒய்' துண்டு போகும் பாதையும் அதே பாதைதான். என்ன, நடுவில் தத்து வந்தவர் இருந்தால் கூட்டம் மாறாது, 'ஒய்' மாறிவிடும்!

உசிலம்பட்டி அதிசயம்

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் தென் மாவட்டத்துக் கிராமங்களில் பலரிடம் ரத்தம் எடுத்து ஆராய்ந்தார். அமெரிக்க விஞ்ஞானி ஸ்பென்சர் வெல்ஸ் அவருடன் சேர்ந்து கொண்டார்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒருவரின் 'ஒய்' துண்டில் "எம் 130" என்ற அடையாளம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களிடம் காணப்படும் அடையாளமும் அதுவே! சுமார் 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்ட மக்கள், கடற்கரை ஓரமாகவே நடந்து, இந்தியா வழியாக ஆஸ்திரேலியா வரை போனார்கள் என்பது இவர்கள் கருத்து. வழியில் விட்டுப்போன தடயம்தான் இது என்றார்கள்.

உடனே, "இவர்தான் முதல் இந்தியர்" என்று உலகம் முழுவதும் பத்திரிகைகள் எழுதிவிட்டன. அது அதிகம். அவருடைய ஆயிரம் முன்னோர்களில் ஒரே ஒரு கோட்டைத்தான் 'ஒய்' காட்டும். மற்ற முன்னோர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் முன்னோர்களே!

தேயிலைக்கு முன்பே இருந்தவர்கள்

மீண்டும் வால்பாறைக்கு வருவோம். லைன் வீட்டுக்காரருக்கு ஊர் தெரியவில்லை. ஆனால், இந்த மலையையே சொந்த ஊராக உடையவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள்தான் காடர்கள்.

ஆனைமலைக் காடுகளில் தேன் எடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்கள் இவர்கள். வானை முட்டும் மரத்தில் மூங்கில் முளை அடித்து ஏறி, இரவில் தேன் அடை எடுப்பதில் இவர்களுக்கு ஈடு இல்லை. அந்தக் காலத்தில் காடர் பெண்கள் மூங்கில் சீப்பைக் கொண்டையில் செருகி இருப்பார்கள். முன் பற்களைக் கூராகச் செதுக்கிக் கொள்ளும் வழக்கமும் உண்டு.

1920-களின் கடைசியில் பி.எஸ்.குகா என்ற அறிஞர் காடர்களின் சுருட்டை முடியைப் பார்த்தார். "அந்தமான் தீவு மக்களின் இனம் இவர்களிடம் கலந்திருக்கிறது" என்று எழுதினார். முடியைப் பார்த்து இனம் சொல்லும் காலம் அது!

2016-ல் கல்யாணி நகரில் உள்ள தேசிய ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் அனலபா பாசு, பார்த்தா மஜும்தார் முதலியோர் வேறு விதமாகப் பார்த்தார்கள். இந்தியாவின் 20 சமூகங்களைச் சேர்ந்த 367 பேரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தார்கள். காடர்களும் அதில் உண்டு. தென்னிந்தியாவின் மிகப் பழைய முன்னோர்களின் பங்கு, காடர், இருளர், பணியர் ஆகியோரிடம் மிக அதிகமாக இருப்பது தெரிந்தது. அந்தமான் மக்கள் தனிக் கிளை. காடர்களுக்கும் அவர்களுக்கும் உறவு இருந்தாலும் அது எண்ணிப் பார்க்க முடியாத தூரத்து உறவு.

இன்னொன்றும் அந்த ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. இந்தியாவில் பல சமூகங்கள் முன்பு ஒன்றோடு ஒன்று கலந்து மணம் செய்துகொண்டிருக்கின்றன. சுமார் 70 தலைமுறைக்கு முன்புதான் அது நின்றிருக்கிறது. "நாங்கள் ஆதியில் இருந்தே தனி" என்று மார் தட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, பழங்குடி என்பதை எச்சிலே சொல்லிவிட்டது. அதைக் காட்டினால் நிலம் கிடைக்குமா? கிடைக்காது!

2019 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் வால்பாறைப் பக்கம் கல்லார் காடர் குடியிருப்பில் மண் சரிந்தது. வீடுகள் போயின. காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேடு என்ற இடத்தில் குடியிருக்க இடம் கேட்டார்கள். எளிதில் கிடைக்கவில்லை. பழைய தோட்ட வீடுகளில் தங்க வைக்கப்பட்டார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகே அங்கே இடம் கிடைத்தது. அவர்களுக்குக் கை கொடுத்தது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அந்தச் சட்டம் கேட்பது டி.என்.ஏ.வை அல்ல, காட்டில் குடியிருந்ததற்கான சான்றை.

எச்சில் ஊரைச் சொல்லுமா?

லைன் வீட்டுப் பெரியவர் எச்சிலைத் துப்பி அனுப்பினால் என்ன வரும்? "நீங்கள் தென்னிந்தியர்" என்று வரும். அதை அறியப் பணம் எதற்கு?

கம்பெனிகள் செய்வது ஒப்பிடும் வேலை. நம் எச்சிலை, தங்களிடம் உள்ள மற்றவர்களின் எச்சிலோடு ஒப்பிடுகிறார்கள். அவர்களிடம் இருப்பவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்தவர்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் பங்காளியும் துப்பி அனுப்பி இருந்தால்தான் உறவு தெரியும்!

அது மட்டும் அல்ல. மாமன் மகள், அத்தை மகன் என்று நாம் சொந்தத்திலேயே கல்யாணம் செய்கிறோம். அதனால் தூரத்து உறவினரும் நெருங்கிய உறவினர் போலக் கணக்கில் வந்துவிடுவார்கள்.

இந்த வழக்கத்தை வேறு வகையில் பயன்படுத்திக் கொண்டவர்களும் உண்டு. சி.சி.எம்.பி. விஞ்ஞானி தங்கராஜும் அமெரிக்க விஞ்ஞானிகளும் 260-க்கு மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். 81 சமூகங்கள், மிகச் சில முன்னோர்களில் இருந்து பெருகியவை. அப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு முன்னோரின் குறை பலருக்கும் இறங்கிவிடும். உதாரணம், வைசியர். ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் ஒரு வகை மருந்து அவர்களில் சிலருக்குச் சீக்கிரம் தெளியாது. முன்பே தெரிந்தால் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுப்பார். உயிர் தப்பும்.

ஆபத்தும் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் "23 அண்டு மீ" என்பது இந்த வியாபாரத்தில் பெரிய கம்பெனி. 2023-ல் அதில் சேர்ந்திருந்த சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களைத் திருடர்கள் கம்ப்யூட்டர் வழியாகக் கவர்ந்தார்கள். 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. துப்பியவர்கள் தங்கள் விவரங்களை அழிக்கச் சொல்லி அலைந்தார்கள். ரகசியச் சொல்லை மாற்றலாம். ரத்தத்தை மாற்ற முடியுமா? தவிர, அப்பா என்று நினைத்தவர் அப்பா அல்ல என்று தெரிந்து உடைந்த குடும்பங்களும் அங்கே உண்டு.

கடல் தாண்டியவருக்குக் கிடைத்தது

விசித்திரம் ஒன்று. 1860-ல் சென்னையில் இருந்து "ட்ரூரோ" என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டு, நவம்பர் 16-ந் தேதி டர்பன் துறைமுகம் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் முதல் கப்பல் அது. அந்தக் கப்பல் பட்டியலில் ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் ஆகியவற்றை எழுத இடம் இருந்தது. இன்றும் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அதைப் பார்த்து ஊரைத் தேடி வருகிறார்கள். கடல் தாண்டிப் போனவருக்குக் காகிதம் இருக்கிறது. பக்கத்து மலைக்கு ஏறியவருக்கு இல்லை!

ஆனால், அவரிடம் வேறு ஒன்று இருக்கிறது. குலதெய்வம்!

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரம் அன்று எங்கே இருந்தாலும் அந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். பாட்டிக்கு ஊர் பெயர் மறந்திருக்கலாம். சாஸ்தாவின் பெயர் நினைவில் இருக்கும். அந்தப் பெயர் கிடைத்தால் கோயிலைக் கண்டுபிடிக்கலாம். கோயிலில் அன்று கூடுகிறவர்கள் பங்காளிகள். ஊர் தானாகத் தெரிந்துவிடும். பிறகு வேண்டுமானால், அந்தப் பங்காளி ஒருவரையும் வால்பாறைக்காரர் ஒருவரையும் துப்பச் சொல்லி 'ஒய்' துண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த இடத்தில் எச்சில் உண்மையாகவே உதவும்.

சாஸ்தாவின் பெயரும் மறந்து போயிருந்தால்? பாபநாசம் மலையில் காரையாறு பக்கம் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. குலதெய்வம் தெரியாதவர்கள் அங்கே போய்க் கும்பிடலாம் என்பது அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் வழி.