முப்பது பேருக்கு ஐந்து கருவி

மாணவர்களுக்குப் புத்தாக்கத் திட்டம் என்றதும் "பணத்துக்கு எங்கே போவது?" என்பதே முதல் கேள்வி. எங்கள் பல்கலைக்கழக மாணவர் குழு சனிக்கிழமைதோறும் ஓர் இடைநிலைப்பள்ளியில் நடத்தும் வகுப்பில் முப்பது பேருக்கு ஐந்து மைக்ரோபிட் கருவிகளே உள்ளன.

2016-இல் பிரிட்டனின் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு பிபிசி இலவசமாக வழங்கிய கையடக்கக் கணினி இது. 25 சிறு விளக்குகளும், வெப்பநிலையையும் அசைவையும் அறியும் உணரிகளும் அதிலேயே உண்டு. மைக்ரோசாஃப்டின் மேக்கோட் இணையத்தளத்தில் இலவசமாக நிரல் எழுதி, கருவி இல்லாமலே திரையில் இயக்கிப் பார்க்கலாம். ஆகவே முதலில் தாளில் திட்டம், அடுத்து பள்ளிக் கணினி அறையில் சோதனை, கடைசியில்தான் கருவி. அப்படிச் செய்தால் ஆறு பேருக்கு ஒன்று போதும்.

வழிகாட்டிகள் கிடைப்பதுதான் சிரமம். நாங்கள் பட்டம் பெற்றுப் போனபின் வகுப்பு நின்றுவிடக் கூடாது. அதனால் நான்காம் படிவ மாணவர்கள் இரண்டாம் படிவத்தினருக்குக் கற்றுத் தருகிறார்கள். இரண்டு ஆணிகளை மண்ணில் செருகிச் செடித்தொட்டியின் ஈரத்தை அறியும் முறையைச் சென்ற வாரம் விளக்கியவர் ஒரு நான்காம் படிவ மாணவி. நாங்கள் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம்.

உங்கள் பள்ளியிலும் தொடங்க எண்ணமா? கருவி வாங்கும் முன்பே, அடுத்த ஆண்டு யார் கற்பிப்பார் என்று முடிவு செய்துவிடுங்கள்.