வெனிஸ்: நின்று பார்க்க வேண்டிய நகர்

வெனிஸ் நகருக்குள் கார் செல்ல முடியாது, பேருந்தும் இல்லை. இத்தாலியின் வடகிழக்குக் கரையோரம், கடலோடு இணைந்த ஆழமற்ற காயலில் கிடக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளே இந்நகர். தீவுகளுக்கிடையே வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவற்றின்மேல் நானூற்றுக்கும் அதிகமான பாலங்கள் உள்ளன. நிலப்பகுதியிலிருந்து வரும் சாலையும் ரயில் பாதையும் நகரின் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றன. அதற்குமேல் நடக்க வேண்டும். இல்லையேல் படகு ஏற வேண்டும்.

ஆகவே, இது அவசரக்காரர்களுக்கு ஏற்ற ஊர் அன்று. ஆனால், இங்கு வருவோரில் மிகப் பலர் அவசரக்காரர்களே. காலையில் வந்து இறங்குவர். ரியால்டோ பாலத்தில் ஒரு படம், சான் மார்க்கோ சதுக்கத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்வர். ஒரு துண்டு பீட்ஸாவை நடந்தபடியே தின்றுவிட்டு மாலையில் கிளம்பிவிடுவர். எல்லாரும் அந்த இரண்டு இடங்களையே தேடுவதால், இடையிலுள்ள குறுகிய சந்துகளில் நண்பகலில் நகரக்கூட இடமிருக்காது. அங்கிருந்து பத்து நிமிடம் வேறு திசையில் நடந்தால், துணி காயப்போட்ட சன்னல்களும் பந்து விளையாடும் சிறுவர்களும் இருக்கும் அமைதியான முற்றங்களைக் காணலாம்.

ஓரிரு நாள் தங்குவோர் நகரை அறிந்துகொள்ளும் முறையே வேறு. அவர்களுள் பலர் முதலில் ஏறுவது ஒன்றாம் எண் நீர்ப்பேருந்தில்தான். இவ்வகைப் படகை உள்ளூர் மக்கள் ‘வப்பொரேத்தோ’ என்பர். நகரை இரண்டாகப் பிரிக்கும் பெருங்கால்வாய் ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்து செல்கிறது. ஒன்றாம் எண் படகு கிட்டத்தட்ட எல்லாத் துறைகளிலும் நின்று நின்று அதைக் கடக்கிறது. இருபுறமும் பழைய வணிகக் குடும்பங்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. விருந்தினரும் சரக்கும் படகில் வந்த காலத்தில் கட்டப்பட்டவை என்பதால், அவற்றின் தலைவாசல் நீரை நோக்கியே இருக்கும். சந்து வழியே நடந்து செல்வோர் பார்ப்பது பெரும்பாலும் அவற்றின் கொல்லைப்புறத்தை மட்டுமே.

தங்கும் விடுதியைக் கண்டுபிடிப்பது அடுத்த சோதனை. நகர் ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீட்டு எண்கள் தெருவாரியாக அல்லாமல் வட்டாரம் முழுவதற்கும் தொடர்ச்சியாகச் செல்கின்றன. எண்கள் ஆயிரக்கணக்கைத் தாண்டும். ஆகையால், முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு விடுதியைத் தேடுவோர் திண்டாடுவர். இறங்க வேண்டிய படகுத்துறை எது, கடக்க வேண்டிய பாலம் எது என்று விடுதியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பாலங்களில் பெரும்பாலானவை படிக்கட்டுகள் கொண்டவை. கனமான பெட்டியோடு வந்தவர் மூன்றாவது பாலத்திலேயே தம் தவற்றை உணர்ந்துவிடுவார்.

மறுநாள் காலையில் பார்க்க வேண்டிய இடம் ரியால்டோ சந்தை. பல நூற்றாண்டுகளாக இங்கு வணிகம் நடந்து வருகிறது. விடிந்ததும் காய்கறிப் படகுகள் கரையில் வந்து நிற்கும். மீன் விற்கும் மண்டபத்தின் அருகே ஒரு பழைய பளிங்குக்கல் பதிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வகை மீனும் குறைந்தது எவ்வளவு நீளம் வளர்ந்திருந்தால் விற்கலாம் என்பது அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மீன்குஞ்சுகளைப் பிடித்துவிட்டால் நாளைக்கு மீன் ஏது?

இச்சந்தையைச் சுற்றியுள்ள சிறு கடைகளில் ‘சிக்கெட்டி’ எனப்படும் சிற்றுண்டிகள் கிடைக்கும். சிறிய ரொட்டித் துண்டின்மேல் மசித்த கருவாடு, காய்கறி, இறால் போன்றவற்றை வைத்துத் தருவர். பலரும் நின்றுகொண்டே உண்பர். அவற்றுள் குறிப்பிடத்தக்கது ‘சார்டே இன் சாவோர்’. மத்தி மீனைப் பொரித்து, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை, பைன் கொட்டை ஆகியவற்றோடு அடுக்கி ஊறவைப்பர். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், கடலுக்குச் சென்றோர் மீன் கெடாமல் இருக்கக் கண்ட வழி இது. செய்த அன்றே உண்டால் சுவை கூடாது. ஒரு நாளாவது ஊற வேண்டும்.

காப்பி குடிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை. மேசையில் அமர்ந்தால் அதிக விலை. சான் மார்க்கோ சதுக்கத்தில் 1720ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃப்ளோரியான் காப்பிக்கடை இன்றும் இயங்குகிறது. இசைக்குழு வாசிக்கும்போது வெளியே அமர்ந்திருப்போர் இசைக்கும் தனிக்கட்டணம் செலுத்த வேண்டும்.

இத்தனை ஈர்ப்புகள் கொண்ட நகரில் வாழ்வோரின் எண்ணிக்கையோ குறைந்துகொண்டே வருகிறது. 1951இல் பழைய நகர்ப்பகுதியில் ஏறக்குறைய 1,75,000 பேர் வசித்தனர். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே சென்றது. ரியால்டோவுக்கு அருகில் உள்ள ஒரு மருந்துக்கடையின் சன்னலில், மிஞ்சியுள்ள மக்கள்தொகையை மின்னெழுத்துப் பலகை ஒன்று காட்டிக்கொண்டிருக்கிறது.

கூட்டத்தைக் கட்டுப்படுத்த நகராட்சி 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி ஒரு புதிய முறையைத் தொடங்கியது. பகலில் மட்டும் வந்து செல்வோர் 5 யூரோ நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதே அது. அவ்வாண்டு 29 நாள்களில் இக்கட்டணம் பெறப்பட்டது. 2025இல் 54 நாள்களுக்கு நீட்டிக்கப்பட்டதோடு, கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு 10 யூரோவாக உயர்த்தப்பட்டது. இரவில் தங்குவோர் இதைச் செலுத்த வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து விடுதி வழியாக வேறொரு வரி பெறப்படுகிறது. தங்கிச் செல்பவரையே நகர் விரும்புகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

எனினும், உள்ளூர் மக்களில் சிலர் கட்டணம் தொடங்கிய அன்றே எதிர்ப்பு ஊர்வலம் நடத்தினர். சீட்டு வாங்கி நுழைய இது கண்காட்சிச் சாலையா என்பது அவர்களின் கேள்வி. நகருக்குத் தேவை நுழைவுச்சீட்டு அன்று, குடியிருக்க வீடுகளே என்று அவர்கள் வாதிட்டனர். அதில் நியாயம் உண்டு. வீட்டை ஒரு குடும்பத்திற்கு வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விட்டால் வருமானம் கூடுதல். அதனால், நிதானமாகத் தங்கி நகரை விரும்பிப் பார்ப்பவரும் அறியாமலேயே ஒரு குடும்பத்தின் இடத்தில் தங்கிவிடக்கூடும். 2023இல், பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதாக ஒரு குடிமக்கள் குழு கணக்கிட்டது.

இதன் விளைவு ரியால்டோ மீன் மண்டபத்தில் தெரிகிறது. பச்சை மீனை வாங்கிச் செல்லச் சமையலறை வேண்டும். விடுதியில் தங்குவோர் மீனைப் படம் எடுக்கின்றனர், வாங்குவதில்லை. ஒருகாலத்தில் நெருக்கமாக இருந்த கடைகளில் இன்று சிலவே எஞ்சியுள்ளன. அவையும் நண்பகலுக்குள் பனிக்கட்டியை வாரிக் கொட்டிவிட்டு மூடிவிடுகின்றன.