சுழலில் நீந்தும் நுண்ணுயிர்

எண்ணூர் எண்ணெய்க் கசிவு பற்றிப் பேச்சு வந்தாலே நம்ம கூட்டங்களில் யாராவது கேட்பார்கள்: "எண்ணெயைத் தின்கிற பாக்டீரியா இருக்குன்னு சொல்றீங்களே, கடல்லயே ஊத்திவிட்டா தின்னு தீர்த்துடாதா?" நியாயமான கேள்விதான். பதிலில் நம்ம அமுதக்கரைசலுக்கும் ஒரு சேதி இருக்கிறது.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் தெற்கே நகர்ந்து எர்ணாவூர் பக்கம் தார் மாதிரி ஒதுங்கியது. கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவுகள் அங்கே உண்டு. அந்தக் கல் மேல் நின்று பார்த்தால் தெரியும், வளைவுக்குள் தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கும். தெர்மாகோல் துண்டும் தேங்காய் மட்டையும் ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றி வரும். எண்ணெயும் அப்படித்தான் மாட்டியது. வாளி வாளியாக மனுசங்க கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய் வந்தபோது, மீனவர்கள் குவளையும் வாளியுமாகத்தான் நின்றார்கள்.

பாக்டீரியா மட்டை மாதிரி சும்மா மிதப்பதில்லை. பல இனங்களுக்கு வால் போன்ற இழை உண்டு, நீந்தும். வேகம் நொடிக்கு 20 மைக்ரான் அளவு. ஒரு மணி நேரம் நேராகப் போனால்கூட 7 சென்டிமீட்டர்! கடல் நீரோட்டத்தை எதிர்க்க இது எந்த மூலைக்கு? ஆனாலும் வீணில்லை. குப்பை ஒரே வட்டத்தில் சுற்றும்போது, நீந்துகிற உயிர் வட்டம் விட்டு வட்டம் மாறி மெல்ல வெளியே வரலாம். சுழற்சி கடுமையானால் கதை வேறு. தண்ணீர் அதன் உடம்பையே புரட்டிவிடும், திசை தப்பிவிடும். 2014-ல் அமெரிக்காவில் ரோமன் ஸ்டாக்கர் குழுவினர், நாம் நோய்க்கட்டுப்பாட்டுக்குப் போடும் பேசில்லஸ் சப்டிலிஸை மெல்லிய கால்வாயில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நடுநீரில் அது குறைந்து, வேகம் சட்டென மாறுகிற ஓரங்களில் சிக்கிக்கொண்டது.

எண்ணூரில் அள்ளிய கசடைக் கரையில் வைத்து பாக்டீரியா கலந்து சிதைத்ததற்கு இதுவும் பொருத்தமான காரணம்தான். அங்கே ஊட்டமும் காற்றும் கொடுக்கலாம், அடித்துக்கொண்டு போக அலை இல்லை.

இப்போ நம்ம வயல். அசோஸ்பைரில்லம் வேர்க்கசிவின் வாசனை பிடித்து நீந்திப் போகும். மண் துகள்களுக்கு நடுவே ஈரம் இருந்தால்தான் அது முடியும். காய்ந்த மண்ணில் நீந்த வழியில்லை. வாய்க்கால் வேகமாகப் பாயும்போது ஊற்றினால் பாதி கடைமடைக்குப் போய்விடும். அதனால் நான் தண்ணீர் பாய்ச்சி, அது வடிந்து, மண் ஈரமாக இருக்கிற சாயங்காலத்தில்தான் கரைசலை வேரோரமாக ஊற்றுகிறேன். ஆள்கூலி கொஞ்சம் கூடத்தான் ஆகிறது.