டாக்டர் செக்கோவைத் தெரியுமா?

'வான்கா', 'பச்சோந்தி', 'நாய்க்காரச் சீமாட்டி' என்று அந்தோன் செக்கோவின் கதைகளைத் தமிழில் வாசித்து உருகியவர்கள் ஏராளம். ஆனால் மாஸ்கோவில் அவர் குடியிருந்த வீட்டுக் கதவில் 'டாக்டர் அ. ப. செக்கோவ்' என்ற பலகைதான் இருந்தது, தெரியுமா?

அவருடைய தாத்தா பண்ணையடிமை. காசு சேர்த்துக் கொடுத்து 1841-இல் குடும்பத்தோடு விடுதலை பெற்றவர். அப்பா தாகன்ரோக் என்ற துறைமுக ஊரில் மளிகைக் கடை வைத்து நொடித்துப்போய், 1876-இல் கடன்காரர்களுக்குப் பயந்து மாஸ்கோவுக்கு ஓடினார். 16 வயதுப் பையன் மட்டும் ஊரில் தங்கி, ட்யூஷன் சொல்லிக்கொடுத்தே பள்ளிப் படிப்பை முடித்தான். 1879-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தபோது குடும்பத்துக்குச் சோறு போடும் பொறுப்பும் அவன் தலையில் விழுந்தது. நகைச்சுவைப் பத்திரிகைகளுக்குத் துணுக்குகள் எழுதினான். முதலில் கிடைத்த கூலி வரிக்கு 5 கோபெக்! அவற்றில் போட்ட பெயர் 'அந்தோஷா செக்கோன்தே'. ஏன் தெரியுமா? சொந்தப் பெயரை மருத்துவத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தான்!

1884-இல் டாக்டர் பட்டம். அதே ஆண்டு டிசம்பரில் இருமலில் ரத்தம். அது எதன் அறிகுறி என்று டாக்டருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் 12 ஆண்டுகளுக்கு மேல் அவர் தம் நுரையீரலை முறையாகச் சோதிக்க யாரையும் விடவில்லை.

அந்த நுரையீரலோடு அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். 1890 ஏப்ரலில், புஷ்கின் பரிசு வாங்கிப் புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் கைதிகளை அடைத்துவைத்திருந்த சகலின் தீவுக்குப் புறப்பட்டார். சைபீரிய ரயில் பாதையின் வேலையே அடுத்த ஆண்டுதான் தொடங்கியது! ரயிலிலும் படகிலும் போனது போக, உறைபனியிலும் வெள்ளத்திலும் சேற்றிலும் குதிரை வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச்சேர ஏறக்குறைய மூன்று மாதம். யாரும் அனுப்பவில்லை, அரசாங்க வேலையும் இல்லை. தாமாகவே போனார்.

அங்கே போய்? தனியாளாக மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்! அச்சடித்த அட்டைகளை எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாக ஏறி இறங்கி, பெயர், வயது, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன நோய் என்று கேட்டுக் கேட்டு நிரப்பினார். அரசியல் கைதிகளோடு மட்டும் பேசக்கூடாது என்று தடை. மூன்று மாதத்தில் சேர்ந்த அட்டைகள் சுமார் 10,000! சவுக்கடியை நேரில் நின்று பார்த்தார். குழந்தைகளின் நிலை அவரை விடவில்லை; ஊர் திரும்பியதும் அந்தத் தீவின் பள்ளிகளுக்குப் புத்தகங்கள் திரட்டி அனுப்பினார். 1895-இல் புத்தகமாக வந்த 'சகலின் தீவு', அவர் எழுதியவற்றிலேயே மருத்துவரும் எழுத்தாளரும் பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிட்ட நூல் என்பேன்.

திரும்பும் வழி கடல்வழி, நவம்பரில் இலங்கை! கொழும்பில் இறங்கி, ரயிலேறிக் கண்டிக்குப் போனார். சொர்க்கத்தைக் கண்டுவிட்டேன் என்கிற அளவுக்கு மயங்கிப்போனார். கீரிப்பிள்ளைகள் வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். அவற்றில் ஒன்று கீரியே இல்லை, மரநாய்! அதே பயணத்தில் கப்பலில் இறந்தவர்களைக் கடலில் இறக்கியதையும் பார்த்தார். அதிலிருந்து பிறந்தது 'குசேவ்' என்ற கதை. அதன் அடியில் கொழும்பு என்றே ஊர் குறித்தார்.

1892-இல் மாஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோ என்ற கிராமத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார். பின்னால் அங்கே வளர்ந்த நாய்கள் இரண்டுக்கும் மருந்துப் பெயர்கள்: ப்ரோம், ஹினா. ஹினா என்றால் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னாதான்! குடியேறிய ஆண்டே காலரா பயம் வந்தது. 25 கிராமங்கள், 4 தொழிற்சாலைகள், ஒரு மடாலயம்: இத்தனைக்கும் ஒரே டாக்டர் அவர். சம்பளம்? வேண்டாம் என்றுவிட்டார். வைத்தியத்துக்கு நடுவில் அந்த வட்டாரத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள் எழும்பவும் காரணமானார். மனநோயாளிகளைக் கவனியாமல் விட்ட டாக்டரே கடைசியில் அதே அறையில் அடைபடும் 'ஆறாவது வார்டு' வெளிவந்ததும் அந்தக் காலரா ஆண்டில்தான்!

1897-இல் மாஸ்கோ உணவகம் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தவர் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. இனி மறைக்க வழியில்லை, காசநோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேசக்கூடாது என்று கட்டளை. பார்க்க வந்தவர் யார் தெரியுமா? தல்ஸ்தோய்! 'மூன்று சகோதரிகள்', 'செர்ரித் தோட்டம்' நாடகங்களெல்லாம் இதற்குப் பிறகு, மூச்சு குறைந்துகொண்டே வந்த ஆண்டுகளில் எழுதியவை என்பதை எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. 1904 ஜூலையில், ஜெர்மனியின் பாடன்வைலரில், 44 வயதில் இறந்தார். உடல் மாஸ்கோ வந்தது சிப்பி ஏற்றும் ரயில் பெட்டியில். மாக்சிம் கார்க்கி கொதித்துப்போனார்.

இன்னொன்று. மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுக்க அவருக்கு ஆசை இருந்தது. நோயாளி படும் வேதனையை மாணவர்கள் தாங்களே உணரும்படி நடத்த வேண்டும் என்று, உடன் படித்த நரம்பியல் மருத்துவர் ரொஸ்ஸோலிமோவிடம் சொன்னார். அதற்கு உயர் பட்டம் வேண்டுமே! 'சகலின் தீவு' நூலை ஆய்வேடாக ஏற்கலாமா என்று ரொஸ்ஸோலிமோ போய்க் கேட்டார். மருத்துவத் துறைத் தலைவர் மறுத்துவிட்டார். இன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் இலக்கிய வகுப்புகளில் வருங்கால டாக்டர்கள் உட்கார்ந்து வாசிப்பது செக்கோவின் கதைகளை!