தோம்பு முதல் பள்ளிக்கூடம் வரை: யாழ்ப்பாணத்தில் அந்நியர் ஆட்சி

போர்த்துக்கேயரை வட இலங்கைக்கு இழுத்தவை மன்னார் முத்தும் வன்னி யானையும். 1560இல் மன்னாரைப் பிடித்தவர்கள் 1619இல் யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரையும் கைப்பற்றினார்கள். கடைசி அரசன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. வன்னியில் பிடிபட்ட யானைகள் ஆனையிறவுக் கடல்நீரைக் கடந்து குடாநாட்டுக்குள் வந்து, கப்பலேறிப் போயின.

1658இல் வந்த ஒல்லாந்தரும் யானை வியாபாரத்தை விடவில்லை. சாயவேரும் புகையிலையும் அவர்களுக்கு வருமானம் தந்தன. ஆனால் ஊரை இறுகப் பிடித்தது கோட்டைப் பீரங்கியைவிட அவர்களுடைய பதிவேடுதான். யாருடைய காணி, எவ்வளவு வரி என்பது காணித் தோம்பில் ஏறியது. ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளித் தோம்பில் ஏறின. சட்டப்படி செல்லும் கலியாணத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் சைவர்கள் பலர் பெயருக்குக் கிறிஸ்தவர்களானார்கள். வீட்டுக்குள் விபூதி பூசினார்கள்.

1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி ஊர் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலிமார் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அதுவே தேசவழமை. சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), காணி விற்பனை ஆகியவற்றோடு அடிமை முறையும் அந்த ஏட்டில் சட்டமாக எழுதப்பட்டது. வாய்வழக்காக இருந்த கொடுமைக்கு அரசின் முத்திரை கிடைத்தது பெரும் தீங்கு. அடிமை முறை ஒழிய 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீதனக் காணிக்கும் முதுசக் காணிக்கும் தேசவழமை இன்றும் செல்லும்.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். குறைந்த சம்பளத்தில் ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞர் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவைக்கு ஆளைத் தந்தவை மிஷன் பள்ளிகள். 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. படித்த இளைஞர்கள் கொழும்புக் கந்தோர்களுக்கும் பின்னர் மலாயா ரயில்வேக்கும் போனார்கள். தோட்டக்காரனின் பிள்ளை மாதச் சம்பளத்தை நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டுக்குள் போனால் அந்த அந்நியர் ஆட்சிக் காலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குசினி, அலமாரி, கதிரை, மேசை, பாண் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். கந்தோரும் மேசை லாச்சியும் ஒல்லாந்தருடையவை.

மிஷன் கல்விக்குப் பதிலும் இந்த மண்ணிலேயே எழுந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். 1974இல் அந்த வளாகத்தில்தான் இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தொடங்கியது.