படத்தின் வழியே நுழையும் அபாயம்

சங்கத்தின் பணப்பெட்டியைப் பூட்டி வைத்தால் மட்டும் இன்று போதாது. பாங்கிக் கணக்கும் அங்கத்தினர் ஜாபிதாவும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. இணையப் பக்கங்களைக் காட்டும் பிரௌசரில் உள்ள ஒரு சிறு குறையும் திருடனுக்கு வாயிலாகிவிடும்.

2023 செப்டம்பரில் நிகழ்ந்தது இதற்குத் தக்க உதாரணம். வெப்பி என்பது கூகிள் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பட அமைப்பு. அப்படங்களை விரித்துக் காட்டும் நிரலில் குறை காணப்பட்டது. குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் ஆகிய மூன்று பிரௌசர்களும் அதே நிரலை உபயோகித்து வந்தன.

குறை யாது? படத்தை விரிப்பதற்கென நிரல் நினைவகத்தில் ஓர் அளவு இடம் ஒதுக்குகிறது. கெட்ட எண்ணத்துடன் அமைக்கப்பட்ட படம் அவ்வளவை மீறும். பெருகிய நீர் வரப்பை உடைத்து அடுத்த வயலில் புகுவது போல, மிகுந்த தரவு பக்கத்து இடத்தில் புகும். அதைச் சாமர்த்தியமாக அமைத்தவன், எங்கோ இருந்துகொண்டே தன் கட்டளைகளை நம் கம்ப்யூட்டரில் நிறைவேற்றிக்கொள்ள இயலும். படத்தைத் தொடவும் வேண்டுவதில்லை. அது உள்ள பக்கத்தைத் திறந்தாலே போதும்.

செப்டம்பர் 6-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினரும் டொராண்டோ சர்வகலாசாலையின் சிட்டிசன் லேபும் இதனைக் கூகிளுக்கு அறிவித்தனர். 11-ஆம் தேதி குரோமுக்குத் திருத்தம் வந்தது. அதற்கு முன்னரே தீயோர் அக்குறையைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். திருத்தம் வந்த பின்னும், அதனை ஏற்காத கம்ப்யூட்டர்களில் வாயில் திறந்தே இருந்தது.

ஆகவே, பிரௌசரைப் புதுப்பிக்கும்படி அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடலாகாது. புதுப்பித்தபின் அதனை மூடித் திறந்தாலன்றித் திருத்தம் அமலுக்கு வராது. இப்பொறுப்பை ஓர் ஊழியரிடம் ஒப்புவித்து, வாரந்தோறும் கவனிக்கச் செய்வது நிர்வாகக் குழுவின் கடமை. அங்கத்தினரின் சேமிப்பைக் காக்கும் பணியில் இதுவும் ஒரு பங்கு என்பதை நாம் மறத்தலாகாது.